சுடச் சுடக் கட்டிய சாதம்

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் புறப்படும் நம் சங்கத்துக் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன் மே மாதத்தில் தில்லியிலிருந்து குடும்பத்தோடு ரயிலேறினோம். விடியற்காலையில் கிளறிய தேங்காய் சாதத்தைச் சூடு ஆறுமுன்பே பெரிய எவர்சில்வர் தூக்கில் அழுத்தி மூடியாயிற்று. பிற்பகல் இரண்டு மணிக்குத் திறந்தபோது ஊசல் வாடையே இல்லை. மாலைக்குள் பேரனுக்கு ஓயாத வாந்தி. வழியில் ஒரு நிலையத்தில் டாக்டர் ஏறிப் பார்த்து, உப்பு சர்க்கரைக் கரைசலை வாய் வாயாகக் கொடுக்கச் சொன்னார். இரவு ஒருவரும் தூங்கவில்லை.

இப்படிச் செய்யக்கூடியது பாசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியா. மண்ணில் வாழ்வது, நெல்லோடு அரிசிக்கு வந்துவிடும். கொதிக்கும் உலையில் பாக்டீரியா செத்தாலும் அதன் வித்துகள், அதாவது ஸ்போர்கள், சாவதில்லை. சாதம் வெதுவெதுப்பானதும் அவை முளைத்துப் பெருகி ஒரு நச்சை உண்டாக்குகின்றன. சாப்பிட்ட அரை மணியிலிருந்து ஆறு மணிக்குள் வாந்தி. (வயிற்றுப்போக்கு உண்டாக்கும் வேறு வகையும் உண்டு, அது தாமதமாக வரும்.)

திரும்பச் சூடு பண்ணினால் சரியாகிவிடும் என்று நினைக்கிறோம். ஆகாது. அந்த நச்சு 121 டிகிரி சூட்டில் 90 நிமிடம் வைத்தாலும் அழியாது. பிரஷர் குக்கருக்குள் முழு அழுத்தத்தில் இருப்பதே ஏறக்குறைய அந்தச் சூடுதான்! 1970களின் தொடக்கத்தில் பிரிட்டனில் சீன உணவகங்களில் இதுவே நடந்தது. வேகவைத்த சாதத்தை வெளியில் வைத்திருந்து, பிறகு வாணலியில் வறுத்துப் பரிமாறினார்கள், சாப்பிட்டவர்களுக்கு வாந்தி.

ஆகவே சாதத்தை ஆற்றுவதில்தான் சூட்சுமம். இங்கே என் பழைய தொழில் குறுக்கிடுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். சாதத்தின் கனம் இரண்டு மடங்கானால் நடுப்பகுதி ஆற ஏறக்குறைய நான்கு மடங்கு நேரம் பிடிக்கும். எங்கள் தூக்கின் நடுவில் சாதம் மணிக்கணக்கில் இளஞ்சூட்டிலேயே இருந்திருக்கும். நம் பாட்டிமார்கள் சாதத்தைத் தாம்பாளத்தில் கொட்டி, நல்லெண்ணெய் விட்டு, விசிறி ஆற்றியபின் கலந்தார்கள். அவசரத்தில் நாம் விட்டது அதைத்தான்.

மெல்லியதாகப் பரப்பி, மின்விசிறிக்கடியில் ஆறியதும் சிறு சிறு பொட்டலமாகக் கட்டுங்கள். தேங்காய் சாதம், வெண்பொங்கல் போன்றவற்றை முதல் வேளைக்கே தீர்த்துவிடுங்கள். அடுத்த வேளைக்குப் புளியோதரை. புளிக்காய்ச்சல் தாராளமாக இருக்கட்டும், புளிப்பு மிகுந்த இடத்தில் இந்தக் கிருமி பெருகாது.

வாந்தி பெரும்பாலும் ஒரே நாளில் நின்றுவிடும். குழந்தை சோர்ந்து கண் செருகினாலோ, கரைசலும் வயிற்றில் தங்காவிட்டாலோ, ஊர் போய்ச் சேரும்வரை காத்திராமல் டிக்கெட் பரிசோதகரிடம் சொல்லி அடுத்த நிலையத்துக்கு டாக்டரை வரவழையுங்கள்.