கைவண்ணம் வாழும் தொலேடோ

ஸ்பெயின் நாட்டின் தலைநகரான மட்ரிட்டிலிருந்து தெற்கே ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில் தொலேடோ நகரம் அமைந்துள்ளது. அதிவேக இரயிலில் சென்றால் அரைமணி நேரப் பயணம்தான். பாறைக்குன்றின் மேல் எழுந்து நிற்கும் இந்நகரைத் தாஹோ ஆறு மூன்று பக்கமும் வளைத்து ஓடுகிறது. தொலேடோ மாகாணத்தின் தலைநகரும் இதுவே. 1561ஆம் ஆண்டில் மன்னர் இரண்டாம் பிலிப் தம் அரசவையை மட்ரிட்டுக்கு மாற்றினார். அதனால் தொலேடோவின் அரசியல் செல்வாக்கு குறைந்தது. ஆனால், அதன் பழைய தெருக்களும் கட்டடங்களும் பெரிதும் மாறாமல் தப்பின. 1986இல் யுனெஸ்கோ இந்நகரை உலக மரபுடைமைத் தளமாக அறிவித்தது.

தொலேடோவை 'மூன்று பண்பாடுகளின் நகரம்' என்பர். இசுலாமியரும் யூதரும் கிறிஸ்துவரும் பல நூற்றாண்டுகள் இங்கு வாழ்ந்தனர். 999ஆம் ஆண்டில் செங்கல்லால் கட்டப்பட்ட சிறிய பள்ளிவாசல் ஒன்று இன்றும் உள்ளது. 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த யூதத் தொழுகைக்கூடம், இசுலாமியக் கட்டடக்கலை மரபைத் தழுவிய குதிரை இலாட வடிவ வளைவுகளோடு காட்சியளிக்கிறது. இவ்விரண்டும் பின்னாளில் தேவாலயங்களாக மாற்றப்பட்டன. நகரின் நடுவே நிற்கும் பெரிய தேவாலயத்தைக் கட்டும் பணி 1226இல் தொடங்கி 1493இல் நிறைவுற்றது.

இங்கு நல்லிணக்கம் எப்போதும் நிலவியது என்று கூறிவிட முடியாது. 1492இல் யூதர்கள் ஸ்பெயினை விட்டு வெளியேற்றப்பட்டனர். ஆயினும், அவர்கள் ஒன்றாக வாழ்ந்த காலத்தில் அறிவுச் செல்வம் பெருகியது. 12, 13ஆம் நூற்றாண்டுகளில் அறிஞர்கள் பலர் இங்குக் கூடி, வானியல், மருத்துவம், கணிதம், தத்துவம் ஆகிய துறைகளைச் சார்ந்த அரபு நூல்களை இலத்தீன் மொழியில் பெயர்த்தனர். ஐரோப்பாவின் கல்வி வளர்ச்சிக்கு அப்பணி பெருந்துணையாக அமைந்தது.

அறிவைப் போலவே கைத்தொழிலும் இங்கு ஒரு தலைமுறையிடமிருந்து மறு தலைமுறைக்குக் கைமாறியது. தொலேடோ வாள்கள் ஒரு காலத்தில் ஐரோப்பா முழுவதும் புகழ்பெற்றிருந்தன. 1761இல் மன்னர் மூன்றாம் சார்ல்ஸ் இங்கு அரச வாள் தொழிற்சாலையை நிறுவினார். அதன் கட்டடம் இன்று பல்கலைக்கழக வளாகமாக விளங்குகிறது.

எஃகின் மேல் தங்க இழை பதிக்கும் 'தமஸ்கினாதோ' கலையும் தொலேடோவின் அடையாளம் ஆகும். டமாஸ்கஸ் நகரின் பெயரிலிருந்து இச்சொல் பிறந்தது. கைவினைஞர் முதலில் எஃகுத் தகட்டின் மேற்பரப்பில் கூரிய கருவியால் மிக நெருக்கமாகக் கீறல்களை இடுவார். மயிரிழை போன்ற தங்கக் கம்பியை அக்கீறல்களின் மேல் வைத்துச் சிறு சுத்தியால் தட்டித் தட்டிப் பதிப்பார். பிறகு, தகட்டைச் சூடான இரசாயனக் கரைசலில் இடுவார். எஃகு கறுத்துவிடும், தங்கமோ நிறம் மாறாது. கரிய பின்னணியில் பூக்களும் கொடிகளும் பறவைகளும் பளிச்சிடும். கையளவுத் தட்டு ஒன்றை முடிக்கவே மிகுந்த பொறுமை வேண்டும்.

நகரின் கடைத்தெருவில் இத்தகைய பொருள்கள் குவிந்து கிடக்கின்றன. ஆனால், மின்னுவதெல்லாம் பொன்னல்ல! அவற்றுள் பல, இயந்திரத்தால் அச்சிடப்பட்ட மலிவான பொருள்களே. மட்ரிட்டிலிருந்து காலையில் வந்து மாலையில் திரும்பும் பயணிக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றலாம். மலிவானதையே எல்லாரும் வாங்கினால் கைவினைஞரின் உழைப்புக்கு உரிய விலை கிடைக்காது. வருமானம் இல்லாத தொழிலை இளையோர் கற்க முன்வருவார்களா? கைவேலை செய்யும் பட்டறைகள் முன்பைவிடக் குறைந்துவிட்டதற்கு இதுவும் ஒரு காரணம் ஆகும்.

தொலேடோவின் உணவிலும் கைத்திறனைக் காணலாம். பாதாமையும் சர்க்கரையையும் அரைத்துப் பிசைந்து செய்யும் 'மசபான்' என்னும் இனிப்பு இங்குப் புகழ்பெற்றது. 'தொலேடோ மசபான்' என்னும் பாதுகாக்கப்பட்ட பெயரில் விற்க வேண்டுமானால், அதில் பாதியளவேனும் பாதாம் இருக்க வேண்டும் என்பது விதி. சில கன்னியர் மடங்களில் அருட்சகோதரிகள் இதனைத் தயாரிக்கின்றனர். வாங்க வருபவர் அவர்களின் முகத்தைக் காண்பதில்லை. சுவரில் பொருத்தப்பட்ட சுழலும் மரப்பெட்டியில் பணத்தை வைத்தால், பெட்டி சுழன்று இனிப்பைக் கொண்டு வரும்! செம்மறியாட்டுப் பாலில் செய்யும் மஞ்சேகோ பாலாடைக்கட்டியும் இவ்வட்டாரத்தின் சிறப்பு உணவாகும்.

நகரத்தோடு பயணத்தை முடித்துக்கொள்பவர் மாகாணத்தின் பாதி அழகைத் தவறவிடுகிறார். மேற்கே தலவெரா டி லா ரெய்னா என்னும் ஊர் மட்பாண்டங்களுக்குப் பெயர்பெற்றது. களிமண்ணை வனைந்து, சுட்டு, வெண்ணிற மெருகில் தோய்த்து, நீலமும் மஞ்சளுமாக ஓவியம் தீட்டி, மீண்டும் சூளையில் இடுகின்றனர். இத்தொழில்நுட்பம் கடல் கடந்து மெக்சிகோவிலும் வேரூன்றியது. 2019இல் யுனெஸ்கோ இரு நாட்டுக் கைவினையையும் ஒருசேர மனிதகுல மரபுச் செல்வமாக ஏற்றுக்கொண்டது.

தென்கிழக்கே கொன்சுவேக்ராவின் குன்றின்மேல் வெண்ணிறக் காற்றாலைகள் வரிசையாக நிற்கின்றன. அங்கு அக்டோபர் மாத இறுதியில் குங்குமப்பூ விழா நடைபெறும். விடியற்காலையில் ஊதா நிற மலர்களைப் பறித்து வந்து, மலருக்கு மூன்றாக இருக்கும் சிவந்த இழைகளைக் கையாலேயே கிள்ளி எடுப்பர். யார் விரைவாக எடுக்கிறார் என்று போட்டியும் நடக்கும். ஒரு கிலோகிராம் குங்குமப்பூவுக்கு ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட மலர்கள் தேவை. அதன் விலை ஏன் உயர்ந்தது என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

சுற்றுலா என்பது கண்ணுக்கு மட்டும் விருந்தன்று; அது பொறுப்பும் ஆகும். தொலேடோ செல்வோர் பட்டறைக்குள் நுழைந்து வேலையைப் பார்க்கலாம். "இது கையால் செய்யப்பட்டதா? செய்தவர் யார்?" என்று கேட்கலாம். பத்து மலிவுப் பொருள்களுக்குப் பதிலாகக் கையால் செய்த சிறு பொருள் ஒன்றை வாங்கலாம். கற்கோட்டைகளை அரசாங்கம் காத்துவிடும். கைத்தொழிலோ அதைச் செய்யும் கைகள் ஓய்ந்தால் மறைந்துவிடும். அக்கைகள் ஓயாமல் இருப்பதற்கு, வாங்குபவரின் தேர்வும் துணைநிற்கிறது.

சிந்தித்து விடையளிக்க

1. அரசவை மட்ரிட்டுக்கு மாறியதால் தொலேடோவுக்கு ஏற்பட்ட இழப்பும் நன்மையும் யாவை?
2. தமஸ்கினாதோ செய்யும் முறையைப் படிப்படியாக உம் சொந்த வாக்கியங்களில் எழுதுக.
3. 'மின்னுவதெல்லாம் பொன்னல்ல' என்னும் பழமொழி இப்பகுதிக்கு எவ்வாறு பொருந்துகிறது?
4. "குறைந்த விலையில் கிடைப்பதை வாங்குவதில் தவறில்லை." இக்கூற்றை ஏற்கிறீரா? காரணம் காட்டி விவாதிக்க.