திமிங்கிலத்தின் தாயும் தந்தையும்

காட்டுயிர்களைக் கொன்றார்மீது வழக்குத் தொடுக்குமிடத்து முதற்கண் எழும் வினா, "இறந்தது எவ்வினத்தது?" என்பதேயாம். தோலும் கொம்பும் முழுமையாய்க் கிடைப்பின் விலங்கு நூலார் கண்ணாற் கண்டே விடை பகர்வர். இரண்டினங்களின் சாயல் ஓருடலிற் கலந்திருப்பின் யாது செய்வது? ஐஸ்லாந்துத் தீவில் நிகழ்ந்ததொன்றை ஈண்டு நோக்குவோம்.

2018-ம் ஆண்டு ஜூலை மாதத்தில் அத்தீவின் வேட்டைக்காரர் ஒரு பெருந்திமிங்கிலத்தைக் கொன்று கரை சேர்த்தனர். துடுப்புத் திமிங்கிலத்தை வேட்டையாட அந்நாட்டரசு அப்போது அனுமதி அளித்திருந்தது. நீலத் திமிங்கிலமோ 1966 முதல் சர்வதேசத் திமிங்கில வேட்டைக் கமிஷனின் பாதுகாப்பிலுள்ளது. படங்களைக் கண்ட நிபுணர் சிலர், இது நீலத் திமிங்கிலமே என்றனர். வேட்டைக்காரர் கலப்பினம் என்றனர்.

உயிரணுவினுள் டி.என்.ஏ. என்னும் பாரம்பரியப் பொருள் ஈரிடங்களில் உள்ளது. மைட்டோகாண்டிரியாவில் உள்ளது தாய்வழியே மட்டும் வருவது. உட்கருவில் உள்ளது இருபாலாரிடமிருந்தும் வருவது. இனமறிதற்கு முன்னதையே பெரும்பாலும் சோதிப்பர். அது ஓர் அணுவிற் பல பிரதிகளாய் இருத்தலின், கெட்டுப்போன இறைச்சியிலும் அகப்படும். எனினும் தாயை மட்டும் விசாரித்துப் பிள்ளையின் குலத்தைத் துணிவது போன்றதன்றோ இது! ஆண் கழுதைக்கும் பெண் குதிரைக்கும் பிறந்த கோவேறு கழுதையை இவ்வாறு சோதிப்பின், "குதிரை" என்றே விடை வரும்.

ஆதலின் உட்கருவையும் ஆராய்தல் வேண்டும். இரண்டினங்களும் தம்முள் வேறுபடும் இடங்கள் பலவற்றை முன்னரே அறிந்து வைத்திருப்பர். (இதுவே நெடிய உழைப்பு, ஐயமற இனந்தெரிந்த விலங்குகளின் மாதிரிகள் இல்லையேல் எந்த யந்திரமும் ஊமையே.) முதல் தலைமுறைக் கலப்பாயின் அவ்விடந்தோறும் இரண்டினத்தின் அடையாளமும் ஒருங்கே காணப்படும். அக்கலப்பு மீண்டும் தூய இனமொன்றோடு கூடிப் பெற்ற கன்றாயின், ஏறக்குறைய பாதி இடங்களிலேயே அவ்வாறு காணப்படும். அடுத்த தலைமுறையிற் காற்பங்காம். ஆகவே தலைமுறை ஏற ஏற மிகப் பல இடங்களைச் சோதித்தாலன்றித் துணிதல் அரிது.

ஐஸ்லாந்துத் திமிங்கிலத்திற்குத் தாய் நீலத் திமிங்கிலம், தந்தை துடுப்புத் திமிங்கிலம் என்று அம்மாதமே முடிவு தெரிந்தது. நீலத் திமிங்கிலத்திற்குரிய பாதுகாப்புக் கலப்பினத்திற்கு எட்டாமையால் வேட்டைக்காரர்மேற் குற்றஞ் சாரவில்லை. தாய்க்குள்ள காவல் அதன் வயிற்றிற் பிறந்த கன்றுக்கு இல்லையெனல் நமக்கு ஒவ்வாததாகவே தோன்றுகிறது. அருகிவரும் உயிர்களின் வாணிபம் பற்றிய சர்வதேச உடன்படிக்கை இவ்விஷயத்தில் வேறு நெறி கொண்டது. அண்மைத் தலைமுறைகளிற் காவற்குரிய விலங்கொன்று இருப்பின் கலப்பினத்தையும் அது காவலுக்குட் படுத்துகிறது. அண்மை என்பதற்கு நான்கு தலைமுறை என்று பொருள் கொள்வர். மேற்கூறிய பாதி, காற்பங்குக் கணக்கு அங்கேதான் சட்டத்திற்கு வேண்டப்படுகிறது.