செவிவழிக் கணக்கு: திரைவாசிப்பானுடன் எக்செல் தாளைக் கையாளும் முறை

மாற்றுத்திறனாளிகள் தம் நிதி விவகாரங்களைப் பிறருக்குச் சமமாகத் தாமே நிர்வகிக்கும் உரிமையை, மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 உறுதி செய்கிறது. அதற்கு முன்பே, 2008 ஜூன் மாதத்தில், காசோலைப் புத்தகம், ஏடிஎம், இணைய வங்கிச் சேவை, பாதுகாப்புப் பெட்டகம், சில்லறைக் கடன் முதலிய வசதிகளைப் பார்வைக் குறைபாடுடையோருக்குப் பாகுபாடின்றி வழங்குமாறு இந்திய ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. ஆயினும், மாதக் கணக்கு அறிக்கையைப் படித்துச் சொல்ல மகனையோ அண்டை வீட்டாரையோ நாட வேண்டியிருக்கும்வரை அவ்வுரிமை முழுமை பெறாது. யாருக்கு எவ்வளவு கொடுத்தோம், மிச்சம் என்ன என்பவை ஒருவர் தனிமையில் அறிந்துகொள்ள வேண்டிய செய்திகள். இணைய வங்கிச் சேவையில் கணக்கு அறிக்கையை எக்செல் கோப்பாக இறக்கிக்கொள்ளும் வசதி இருப்பின், திரைவாசிப்பான் துணையுடன் அதைத் தாமே படிக்கலாம்; கூட்டிச் சரிபார்க்கவும் செய்யலாம். அதற்கான வழிமுறையை இக்கட்டுரை விளக்குகிறது.

தேவையான கருவிகள்

விண்டோஸ் கணினியில் ‘என்விடிஏ’ என்னும் திரைவாசிப்பானை இலவசமாக நிறுவிக்கொள்ளலாம். பார்வையற்றவரான மைக்கேல் கர்ரன் 2006இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய திட்டம் இது. இதனுடன் வரும் இ-ஸ்பீக் குரலில் தமிழும் உண்டு. ‘ஜாஸ்’ என்பது விலை கொடுத்து வாங்கவேண்டிய மற்றொரு திரைவாசிப்பான். கீழே ‘என்விடிஏ விசை’ எனக் குறிப்பிடப்படுவது பெரும்பாலான கணினிகளில் இன்சர்ட் விசையாகும். கேப்ஸ் லாக் விசையையும் அதற்கென அமைத்துக்கொள்ளலாம்.

இணையத்திலிருந்து இறக்கிய கோப்பு பெரும்பாலும் படிக்க மட்டுமே திறக்கும். ஃபைல் பட்டியலில் ‘இன்ஃபோ’ பக்கத்துக்குச் சென்று ‘எனேபிள் எடிட்டிங்’ பொத்தானை அழுத்திய பின்னரே அதில் எழுத இயலும்.

தாளில் நடமாடுதல்

பார்வையுள்ளவர் தாள் முழுவதையும் ஒரே நோக்கில் காண்கிறார். திரைவாசிப்பானோ ஒரு நேரத்தில் ஒரு கட்டத்தை மட்டுமே படிக்கிறது. ஆகவே, தாளின் அமைப்பை முதலில் மனத்தில் பதித்துக்கொள்வது நலம்.

கண்ட்ரோல், ஹோம் விசைகளைச் சேர்த்து அழுத்தினால் தாளின் தொடக்கத்துக்கும், கண்ட்ரோல், எண்ட் அழுத்தினால் பயன்படுத்தப்பட்ட பகுதியின் இறுதிக் கட்டத்துக்கும் செல்லலாம். கணக்கு அறிக்கையின் மேற்பகுதியில் பெயர், முகவரி, கணக்கு எண் போன்றவை இருக்கும். அதன் பிறகே தலைப்பு வரிசை வரும். நம் எடுத்துக்காட்டில் 12ஆம் வரிசை தலைப்பு எனக் கொள்வோம். அதில் ‘ஏ’ முதல் ‘ஈ’ வரையிலான ஐந்து நெடுவரிசைகளில் தேதி, விவரம், பற்று, வரவு, இருப்பு ஆகியவை உள்ளன. 13ஆம் வரிசையில் ஆரம்ப இருப்பும், 14 முதல் 60 வரை நடவடிக்கைகளும் பதிவாகியுள்ளன.

கடைசிப் பதிவை அடைய, கண்ட்ரோல் விசையுடன் கீழ்நோக்கு அம்புக்குறியை அழுத்த வேண்டும். இதைப் பற்று அல்லது வரவு நெடுவரிசையில் செய்யலாகாது. பணம் எடுத்த நாளில் வரவுக் கட்டமும், செலுத்திய நாளில் பற்றுக் கட்டமும் வெற்றாக இருக்குமாதலால், தாவல் நடுவழியிலேயே நின்றுவிடும். ஒவ்வொரு பதிவிலும் எண் இருப்பது இருப்பு நெடுவரிசையில்தான். அங்கிருந்து தாவுவதே பாதுகாப்பானது.

தலைப்பை அறிவித்தல்

நாற்பதாம் வரிசையில் ‘இரண்டாயிரம்’ என்று கேட்டால், அது பற்றா வரவா என்பது எப்படித் தெரியும்? தலைப்பு வரிசையின் முதல் கட்டமான ஏ12இல் நின்று, என்விடிஏ விசை, ஷிப்ட், சி ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்துக. இதன்பின் பக்கவாட்டில் நகர்ந்து நெடுவரிசை மாறும்போதெல்லாம் அதன் தலைப்பும் தொகையுடன் ஒலிக்கும். ஜாஸிலும் வேறு விசைகளைக் கொண்டு இவ்வசதியைப் பெறலாம்.

தொகை தெளிவாகக் கேட்கவில்லையெனில், என்விடிஏ விசையுடன் டேப் விசையை விரைவாக இருமுறை அழுத்துக. கட்டத்தில் உள்ளது ஒவ்வோர் எழுத்தாக, ஒவ்வோர் இலக்கமாக ஒலிக்கும். ஒரு சுழியம் கூடிற்றா குறைந்ததா என்ற ஐயம் தீரும்.

கூட்டிச் சரிபார்த்தல்

கணக்கியலின் எளிய விதி ஒன்றே இங்குப் போதும்: ஆரம்ப இருப்புடன் மொத்த வரவைக் கூட்டி, மொத்தப் பற்றைக் கழித்தால் இறுதி இருப்பு வர வேண்டும்.

ஆல்ட் விசையுடன் சமக்குறியை அழுத்தினால் எக்செல் தானே கூட்டும் என்பது உண்மையே. ஆனால் இடையில் வெற்றுக் கட்டங்கள் உள்ள நெடுவரிசையில் அது அவற்றைத் தாண்டாமல் நின்றுவிடக்கூடும். எனவே எல்லையை நாமே எழுதுவது நன்று. எஃப்5 விசையை அழுத்திக் கட்டத்தின் முகவரியைத் தட்டச்சு செய்தால் நேரே அங்குச் செல்லலாம். சி62இல் =சம்(சி14:சி60) எனவும், டி62இல் =சம்(டி14:டி60) எனவும், ஈ62இல் =ஈ13+டி62-சி62 எனவும் எழுதுக. இவை அனைத்தையும் ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்ய வேண்டும். ஆரம்ப இருப்பு 12,400, மொத்த வரவு 38,000, மொத்தப் பற்று 29,650 ரூபாய் எனில், ஈ62இல் 20,750 என ஒலிக்கும். ஈ60இல் உள்ள இறுதி இருப்பும் அதுவே ஆனால் கணக்கு நேராயிற்று.

கூட்டுத்தொகை சுழியம் என்றோ எதிர்பார்த்ததினும் மிகக் குறைவாகவோ வந்தால் திகைக்க வேண்டாம். இறக்கிய கோப்பில் தொகைகள் எண்களாக அன்றி எழுத்துகளாகப் பதிந்திருக்கலாம். எழுத்தாகப் பதிந்தது வழக்கமாகக் கட்டத்தின் இடப்புறம் ஒட்டி நிற்பதால் கண்ணுக்குத் தெரிந்துவிடும். செவிக்கோ இரண்டும் ஒன்றே. இதைச் சீராக்க, எஃப்5 அழுத்தி சி14:சி60 எனத் தட்டச்சு செய்து அப்பகுதியைத் தேர்ந்தெடுத்து, ‘டேட்டா’ பட்டியலிலுள்ள ‘டெக்ஸ்ட் டு காலம்ஸ்’ கட்டளையைத் திறந்து ‘ஃபினிஷ்’ கொடுத்தால் பெரும்பாலும் போதும். வரவு நெடுவரிசைக்கும் அவ்வாறே செய்க. தொகையுடன் எழுத்து ஏதேனும் சேர்ந்திருந்தால் அதை முதலில் நீக்க வேண்டும்.

தாள் தயாரிப்போர் கவனத்திற்கு

குடியிருப்போர் சங்கக் கணக்கு, சுயஉதவிக் குழுவின் தவணைப் பட்டியல் போன்றவற்றைத் தயாரித்து அனுப்பும் வாடிக்கையாளர்கள் பலர். அவர்கள் சிறிது கவனம் கொண்டால், பார்வையற்ற உறுப்பினரும் அத்தாளைத் தாமே படிக்கலாம்.

1. கட்டங்களை இணைக்காதீர்கள். இணைந்த கட்டம் எந்த நெடுவரிசையைச் சேர்ந்தது என்பது செவிவழி கேட்பவருக்குக் குழப்பம் தரும்.

2. அழகுக்காகப் பதிவுகளின் இடையே வெற்று வரிசைகளை விடாதீர்கள். பட்டியல் அங்கேயே முடிந்தது என்று அவர் கருதக்கூடும்.

3. நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். தவணை கட்டாதவர் பெயரைச் சிவப்பாக்குவதுடன் ‘நிலுவை’ என்று தனி நெடுவரிசையில் எழுதுங்கள்.

4. ஒவ்வொரு நெடுவரிசைக்கும் தலைப்பும், ஒவ்வொரு தாளுக்கும் பொருளுள்ள பெயரும் இடுங்கள்.

5. அனுப்புமுன் ‘ரிவ்யூ’ பட்டியலிலுள்ள ‘செக் ஆக்சஸிபிலிட்டி’ கட்டளையை இயக்கிப் பாருங்கள். குறைகளை எக்செல் தானே சுட்டிக்காட்டும்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை

திரைவாசிப்பான் படிப்பது பயனருக்கு மட்டுமன்றி அருகிலிருப்போர்க்கும் கேட்கும். கணக்கு அறிக்கையைத் திறக்குமுன் செவிபேசியை அணிந்துகொள்ளுங்கள். அலைபேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லும் உரக்க ஒலிக்கக்கூடும் என்பதை மறவாதீர்கள். கணக்கில் அறியாத பற்று ஏதேனும் தென்பட்டால், அதன் தேதியையும் தொகையையும் குறித்துக்கொண்டு தாமதமின்றித் தங்கள் கிளைக்குத் தெரிவியுங்கள். அத்தகைய பற்றை முதலில் கண்டறியக்கூடியவர் கணக்கின் உரிமையாளரே. மாதந்தோறும் ஒருமுறை இவ்வாறு சரிபார்த்து வந்தால், பயிற்சியும் கைகூடும்; சேமிப்பும் தங்கள் நேரடிக் கண்காணிப்பில் இருக்கும்.