நம் நாட்டின் இளையோர் காற்பந்துக் குழு

லயத்துக்கு அருகிலுள்ள திடலில் மாலை வேளையில் பந்து உருளாத நாள் அந்நாளில் தோட்டங்களில் அரிது. தேசியக் குழுவின் வெற்றி தோல்விகளை நாளிதழில் தேடிப் படிக்கும் பழக்கமும் நம் மக்களிடம் இன்றுவரை உண்டு. ஆயினும் இளையோர் குழுவின் ஆட்டங்களை எவ்வாறு கணிப்பது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அதனை இங்கே காண்போம்.

இளையோர் குழு என்பது ஒரே குழுவன்று. 17, 20, 23 வயதுக்குட்பட்டோர் எனப் பல பிரிவுகள் உள்ளன. இந்நாளில் பெரும்பாலும் குறிப்பிட்ட ஓர் ஆண்டின் ஜனவரி முதல் நாளே வரம்பாகக் கொள்ளப்படுகிறது. அதற்கு ஒரு நாள் முன்னர்ப் பிறந்தவர் எத்துணைத் திறமையுடையவராயினும் ஆட இயலாது. ஆகவே இக்குழுக்களில் எவரும் நிலைத்திருப்பதில்லை. இன்று வெற்றி பெற்ற குழு ஈராண்டில் கலைந்துவிடும். வென்றவர்கள் பின்னர் எங்கே சென்றார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தாலன்றி இளையோர் குழுவின் தரம் விளங்காது.

ஆசிய இளையோர் காற்பந்துப் போட்டி பிறந்ததே நம் மண்ணில்தான். 1958இல் ஆசியக் காற்பந்துச் சம்மேளனத்தின் தலைவரான துங்கு அப்துல் ரஹ்மானின் முயற்சியால், 1959இல் முதற்போட்டி கோலாலம்பூரில் நடைபெற்றது. அவ்வாண்டும் அடுத்த ஆண்டும் தென்கொரியா முதலிடம் பெற, மலாயா இரண்டாமிடம் பெற்றது. 1968இல் நம் குழு மீண்டும் இறுதியாட்டத்தை எட்டிப் பர்மாவிடம் தோற்றது. அடுத்து வந்த ஆண்டுகளில்தான் நம் மூத்த குழு 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஆடியது. 1974இல் தெஹ்ரானில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் வெண்கலம் வென்றது.

1997இல் உலக இளையோர் போட்டியை நம் நாடு ஏற்று நடத்தியது. 24 நாடுகள் பங்கு கொண்டன. உபசரிக்கும் நாடு என்பதால் நமக்கு இடம் கிடைத்தது. தகுதியாட்டத்தில் வென்று பெற்ற இடமன்று. மொரோக்கோ, உருகுவே, பெல்ஜியம் ஆகிய மூன்று நாடுகளிடமும் தோற்றோம். ஷா ஆலாமில் நடந்த இறுதியாட்டத்தில் அர்ஜெண்டினா உருகுவேயை 2-1 என வென்றது. அரங்கம் கட்டுவதற்கு ஆகும் காலத்தைவிட ஆட்டக்காரரை உருவாக்குவதற்கு ஆகும் காலம் நீண்டது என்பதை அப்போட்டி காட்டியதாகவே கொள்ள வேண்டும்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் லாவோஸில் நடந்ததோ வேறு. சீ விளையாட்டுக் காற்பந்து 2001 முதல் 23 வயதுக்குட்பட்டோருக்கு உரியதாயிற்று. 1993 முதல் 2007 வரை எட்டு முறையும் தங்கம் தாய்லாந்துக்கே சென்றது. 2009இல் கே. ராஜகோபால் பயிற்றுவித்த நம் குழு, பிரிவு ஆட்டத்தில் வியட்நாமிடம் 3-1 எனத் தோற்றது. இத்துடன் முடிந்தது என்று பலர் கருதினர். ஆனால் தாய்லாந்தை 2-1 என வென்று, அரையிறுதியில் லாவோஸை வீழ்த்தி, இறுதியில் அதே வியட்நாமை 1-0 எனத் தோற்கடித்தது. 1989க்குப் பின் கிடைத்த முதல் தங்கம் அது. எஸ். குணாளனும் அக்குழுவில் ஆடினார். அடுத்த ஆண்டே அவ்விளைஞர் பலரை மூத்த குழுவில் சேர்த்துக்கொண்டு, ராஜகோபால் தென்கிழக்காசியக் கிண்ணத்தை முதன்முறையாக நாட்டுக்குக் கொணர்ந்தார். இளையோர் குழு எதற்காக என்னும் வினாவுக்கு இதைவிடத் தெளிவான விடை நம் வரலாற்றில் இல்லை.

2011இல் ஜக்கார்த்தாவில், திரண்டிருந்த இந்தோனேசிய ரசிகர்களுக்கு நடுவே, ஓங் கிம் சுவீயின் குழு பெனால்டியில் வென்று தங்கத்தைத் தக்கவைத்தது. 2018 ஆசிய விளையாட்டில் சஃபாவி ரசிட் அடித்த இரு கோல்களால் தென்கொரியாவை 2-1 என வென்றோம்; அந்தத் தென்கொரியாவே இறுதியில் தங்கம் வென்றது.

வயது வரம்பே இக்குழுக்களின் அடிப்படை. ஆகவே பிள்ளையின் பிறப்புப் பத்திரமும் அடையாள அட்டையும் இன்றியமையாதவை. பிறப்பைப் பதியத் தவறிய பெற்றோர் இன்னும் இருப்பாராயின், மாவட்டத் தேசியப் பதிவிலாகாவை நாடுவது நன்று. பள்ளி அளவில் ஆடுவோர் மாவட்டம், மாநிலம் எனத் தேர்வு பெற்று மேலே செல்லலாம். 2014இல் தொடங்கிய தேசியக் காற்பந்து மேம்பாட்டுத் திட்டத்தின் பயிற்சிக் கழகம், புகழ்பெற்ற ஆட்டக்காரர் மொக்தார் டஹாரியின் பெயரில் பகாங் மாநிலத்தின் கம்பாங்கில் அமைக்கப்பட்டது.