மருந்து குறையும் வேளையில் முதுகு வலி

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது பழமொழி. ஆயினும் பிறருக்கு வந்த வலியிலிருந்தும் பாடம் கற்க முடியும் என்பதை, பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல் பிரிவு மாணவியராகிய நாங்கள் இவ்வாண்டு உணர்ந்தோம். நாளமில்லாச் சுரப்பிகளைப் பற்றி நாங்கள் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த அதே நாட்களில், எங்கள் தோழி ஒருத்தியின் இல்லத்தில் அப்பாடம் நேரிலேயே நடந்தது. அவளுடைய தாயாரின் இசைவைப் பெற்று, பெயர் கூறாமல் அதனை இங்கே எழுதுகின்றோம்.

நோய் வந்த விதம்

அந்தத் தாயார் நாள்தோறும் காலையில் தம் மகளுக்கு இரட்டைப் பின்னல் போட்டுப் பள்ளிக்கு அனுப்புவார். ஒரு நாள் பாதிப் பின்னலில் கைகள் சோர்ந்து கீழே விழுந்தன. பிறகு தரையில் உட்கார்ந்தால் கையூன்றாமல் எழ முடியவில்லை. பேருந்தின் படி மலைபோல் தோன்றியது. கண் இமைகளில் ஊதா நிறம் படர்ந்தது. விரல் கணுக்களின் மேல் தடிப்புகள் தோன்றின. களைப்பு என்றுதான் வீட்டில் அனைவரும் எண்ணினர்.

மருத்துவமனையில் இரத்தத்தைச் சோதித்தபோது, தசை சிதையும்போது வெளிப்படும் கிரியாட்டின் கைனேஸ் என்னும் நொதி மிக அதிகமாக இருந்தது. நோயின் பெயர் டெர்மட்டோமயோசைட்டிஸ். நம்மைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு ஆற்றல், நம்முடைய தசையையும் தோலையுமே தாக்கும் நோய் இது. வேலியே பயிரை மேய்ந்தாற் போன்றது. இது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதில்லை. அரிதாகச் சிறுவர் சிறுமியருக்கும் வருவதுண்டு. இதற்கு முதலில் கொடுக்கப்படும் மருந்து ஸ்டீராய்டு.

ஒரு நல்ல மருந்தின் கதை

1948ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், அமெரிக்காவிலுள்ள மேயோ மருத்துவமனையில், மூட்டு வாதத்தால் நடக்க இயலாதிருந்த 29 வயதுப் பெண்மணி ஒருவருக்கு மருத்துவர் ஃபிலிப் ஹென்ச் ஒரு புதிய மருந்தை ஊசி வழியே செலுத்தினார். சில நாட்களிலேயே அப்பெண்மணி எழுந்து நடந்தார். வேதியியல் அறிஞர் எட்வர்ட் கெண்டால் அட்ரீனல் சுரப்பியிலிருந்து பிரித்தறிந்த கார்ட்டிசோன் என்னும் பொருளே அம்மருந்து. இவ்விருவரும், ஸ்விட்சர்லாந்தில் ஆய்வு செய்த டாடியஸ் ரைஷ்ஸ்டைனும் 1950இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

இந்த நன்மைக்கு ஒரு விலையும் உண்டு. உடலில் கார்ட்டிசோல் இயற்கையாகவே மிகுந்துபோகும் நோயை 1932இல் ஹார்வி குஷிங் விளக்கி எழுதியிருந்தார். முகம் உப்புதல், தசை மெலிதல், எலும்பு வலுவிழத்தல் ஆகியவை அந்நோயின் அடையாளங்கள். ஸ்டீராய்டு மருந்தை மிகுந்த அளவில் நெடுநாள் உட்கொண்டாலும் இதே விளைவுகள் தோன்றும். ஆகவேதான் நோய் அடங்கியதும் மருத்துவர்கள் அளவைக் குறைக்கத் தொடங்குகின்றனர்.

ஏன் சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும்?

எங்கள் உயிரியல் ஆசிரியை அருட்சகோதரி இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கினார். வீட்டில் ஒரு கிணறு இருக்கிறது. குழாய் நீர் தாராளமாக வரத் தொடங்கியதும் கிணற்றைத் தூர் வாராமல் விட்டுவிடுகிறோம். ஒரு நாள் குழாய் திடீரென நின்றுவிட்டால் கிணறு உடனே ஊறிவிடுமா?

சிறுநீரகங்களின் மேல் அமர்ந்துள்ள அட்ரீனல் சுரப்பிகள்தாம் அந்தக் கிணறு. மூளையின் ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரிக்கு ஆணையிட, பிட்யூட்டரி அட்ரீனலுக்கு ஆணையிட, நாள்தோறும் கார்ட்டிசோல் சுரக்கிறது. நம் உடல் ஒரு நாளில் சுரக்கும் அளவு, ஏறக்குறைய 5 மில்லிகிராம் பிரட்னிசொலோன் மாத்திரைக்குச் சமம். அதற்கு மேல் பல வாரங்கள் வெளியிலிருந்து கொடுத்தால் மூளை தன் ஆணையை நிறுத்திக்கொள்கிறது, சுரப்பி உறங்கிவிடுகிறது. அது மீண்டும் விழிக்கச் சில வாரங்களும் ஆகலாம். பல மாதங்களும் ஆகலாம். அதற்குள் மருந்தைத் திடீரென நிறுத்தினால் இரத்த அழுத்தம் வீழ்ந்து உயிருக்கே ஆபத்து நேரலாம்.

முதுகு வலியும் மூன்று யோசனைகளும்

தோழியின் தாயாருக்கு முதலில் நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் கொடுத்தார்கள். ஸ்டீராய்டின் தேவையைக் குறைக்க வேறொரு மருந்தும் சேர்த்தார்கள். எட்டாம் மாதத்தில் அளவு 10 மில்லிகிராமுக்கு வந்தது. கைகளில் வலுவும் திரும்பியது. வீடே மகிழ்ந்திருந்த வேளையில் நடு முதுகுக்குக் கீழே ஒரு வலி தோன்றியது. நின்றால் கூடும், படுத்தால் குறையும். காரணம் எவருக்கும் விளங்கவில்லை.

அவர் அதனை இரண்டு வாரங்கள் எவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மருந்தின் அளவை மறுபடியும் ஏற்றிவிடுவார்களோ என்னும் அச்சந்தான் காரணம். மறைக்க முடியாமற் போனபோது ஆளுக்கொரு யோசனை கூறினர்.

“பிடிப்புத்தான் அம்மா, தைலம் தேய்த்தால் போய்விடும்” என்றார் பாட்டி. “பழைய நோய் திரும்பிவிட்டது அக்கா, பெட்டியில் மீதி மாத்திரை இருக்கிறதே, இரண்டு கூடுதலாகப் போட்டுக்கொள்ளுங்கள்” என்றார் அடுத்த வீட்டு அம்மாள். “எல்லாம் அந்த மாத்திரையால் வந்த வினை அண்ணி, இன்றோடு நிறுத்திவிடுங்கள்” என்றார் சித்தப்பா.

மூவரும் அன்பினால்தான் கூறினர். ஆனால் எங்கள் தோழிக்குக் கிணற்றின் கதை நினைவுக்கு வந்தது. “அம்மா, நாமாகக் கூட்டவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். நாளைக்கே டாக்டரிடம் சொல்லிவிடுவோம்” என்று பிடிவாதமாக நின்றாள்.

மருத்துவர் தேடிய விடை

மருத்துவர் உடனே மருந்தை மாற்றவில்லை. ஒவ்வொரு காரணமாக எண்ணிப் பார்த்தார்.

முதலாவது, பழைய நோய் திரும்பியதா? கைகளைக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழச் சொன்னார். தாயார் எழுந்தார். கைகளை உயர்த்தச் சொன்னார். உயர்த்தினார். இரத்தத்தில் அந்த நொதியும் இயல்பான அளவில் இருந்தது. இந்நோய் திரும்பினால் பெரும்பாலும் தோள், இடுப்பு, தொடைத் தசைகளின் வலுக் குறையும். முதுகின் ஓரிடத்தில் மட்டும் வலிப்பது அதன் வழக்கமன்று.

இரண்டாவது, உடலுக்குக் கார்ட்டிசோல் போதவில்லையா? அவ்வாறாயின் சோர்வு, பசியின்மை, குமட்டல், எழுந்து நிற்கையில் தலைச்சுற்றல், உடல் முழுவதும் நோவு ஆகியவை தோன்றும். படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் இரத்த அழுத்தம் அளந்தார். குறையில்லை.

மூன்றாவது, முதுகெலும்பில் கிருமி தங்கியுள்ளதா? ஸ்டீராய்டு எதிர்ப்பு ஆற்றலைத் தணிப்பதால் காசநோய் போன்றவை எலும்பிலும் புகலாம். காய்ச்சலைக்கூட இம்மருந்து மறைத்துவிடும். இரவில் வலி மிகுகிறதா, எடை குறைந்ததா என்று கேட்டார். இல்லை என்றார் தாயார்.

நான்காவதாக, முதுகெலும்பை மேலிருந்து கீழாக மெல்லத் தட்டிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் தாயார் “அம்மா!” என்று துடித்தார். எக்ஸ்ரே எடுத்ததும் விடை தெரிந்தது. மார்புப் பகுதியின் 12ஆம் முள்ளெலும்பு முன்புறம் நசுங்கி ஆப்பு வடிவில் இருந்தது. அப்போதுதான் தாயாருக்கு நினைவு வந்தது. முன்பொரு நாள் குனிந்து சோற்றுப் பானையை இறக்கியபோது முதுகில் சுரீர் என்றதாம்.

எலும்பு ஏன் நசுங்கியது?

எலும்பு உயிரற்ற கல் அன்று. அதில் பழையதை அரிக்கும் செல்களும் புதியதைக் கட்டும் செல்களும் ஓயாமல் உழைக்கின்றன. ஸ்டீராய்டு கட்டும் செல்களைக் குறைக்கிறது. குடல் கால்சியம் ஏற்பதையும் குறைக்கிறது. மருந்து தொடங்கிய முதல் சில மாதங்களிலேயே எலும்பின் இழப்பு விரைவாக நடக்கிறது. உள்ளே கடற்பஞ்சு போன்ற அமைப்புடைய முள்ளெலும்புகளே முதலில் தளர்கின்றன. குனிதலும் இருமலுமே அவற்றை நசுக்கப் போதும். மருந்தின் அளவு இன்று குறைந்திருந்தாலும், முன்பு நேர்ந்த இழப்பு அப்படியே இருக்கிறதன்றோ! வலி இல்லாமலேயே நசுங்குவதும் உண்டு. ஆகையால் நெடுநாள் ஸ்டீராய்டு உட்கொள்வோர், தொடக்கத்திலேயே எலும்பின் அடர்த்தியைச் சோதித்துக்கொள்வதுபற்றி மருத்துவரைக் கேட்பது நல்லது.

தாயாருக்குக் கால்சியமும் வைட்டமின் டி-யும், வாரம் ஒருமுறை எலும்பை வலுப்படுத்தும் மாத்திரையும் கொடுக்கப்பட்டன. அந்த மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் ஒரு தம்ளர் நீருடன் விழுங்கி, அரைமணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். இல்லையேல் உணவுக்குழல் புண்ணாகும். சில நாள் ஓய்வு, பிறகு மெல்ல நடை. பாரம் தூக்கலாகாது. படுக்கையிலிருந்து ஒருக்களித்துத் திரும்பி எழ வேண்டும். அவர் அஞ்சியபடி ஸ்டீராய்டின் அளவு ஏறவில்லை. முன்போலவே மெதுவாகக் குறைந்து வந்தது. மூன்று மாதங்களில் வலி பெரும்பாலும் தணிந்தது.

நாம் கற்க வேண்டியவை

நம் வீட்டில் எவரேனும் ஸ்டீராய்டு உட்கொண்டால் இவற்றை மனத்தில் இருத்துவோம்.

மருந்தின் அளவை நாமாகக் கூட்டவும் குறைக்கவும் நிறுத்தவும் கூடாது. மாத்திரை தீர்ந்துபோகும் முன்னரே வாங்கி வைக்க வேண்டும்.

புதிய முதுகு வலி எதுவாயினும், சிறிதென்று எண்ணாமல் மருத்துவரிடம் கூற வேண்டும். “ஸ்டீராய்டு உட்கொள்கிறேன்” என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

வலியுடன் காய்ச்சல் வந்தாலும், கால் மரத்தாலும், வலுவிழந்தாலும், சிறுநீர் கழிப்பதில் தடை ஏற்பட்டாலும் அன்றே மருத்துவமனை செல்ல வேண்டும். வாந்தியினால் மாத்திரை வயிற்றில் தங்காவிட்டாலும் அவ்வாறே.

நமக்கும் ஒரு பாடம் உண்டு. நம்முடைய எலும்பு வலுவைச் சேமிக்கும் காலம் இந்தப் பள்ளிப் பருவமே. 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 340 மில்லிகிராம் கால்சியம் உள்ளது. கூழையும் கீரையையும் பாலையும் ஒதுக்காமல், மாலையில் திடலில் ஓடி விளையாடுவோம்.

தம் வலியை இரண்டு வாரங்கள் மறைத்த அந்தத் தாயாரைப்போல், நம் அன்னையரும் வீட்டாரின் மகிழ்ச்சி கெடக்கூடாது என்று எத்தனையோ வலிகளை மறைக்கின்றனர். “அம்மா, உங்களுக்கு உடம்பு எப்படி இருக்கிறது?” என்று அவர்களை நாமே கேட்போம். கேட்டுவிட்டு, அவர்கள் கூறும் விடையை அமர்ந்து கேட்போம்.

எங்கள் தோழி இப்பொழுது மீண்டும் தாயார் போட்ட இரட்டைப் பின்னலுடன் பள்ளிக்கு வருகிறாள். பின்னல் போடும் நேரம் முழுவதும் அவள் தாழ்ந்த முக்காலியில் உட்கார, தாயார் முதுகை நிமிர்த்தி நாற்காலியில் அமர்ந்திருக்கிறாராம்.