நெஞ்சு கரிக்குதா? குழந்தைக்கு முடி நிறையவா?

'ரெண்டு இட்லிதான் டாக்டர் சாப்பிட்டேன், நெஞ்செல்லாம் எரியுது!'

ஏழாம் மாதத்தில் இப்படிப் புலம்பாத கர்ப்பிணிகள் குறைவு. 'குழந்தைக்கு முடி நிறைய இருக்கு, அதான்' என்பார் பாட்டி. சிரிக்காதீர்கள். அமெரிக்காவில் 64 கர்ப்பிணிகளிடம் நடத்தி 2006-ல் வெளியான ஒரு சின்ன ஆய்வில், நெஞ்செரிச்சல் அதிகமிருந்த பெரும்பாலோருக்குச் சராசரி அளவோ அதற்கு மேலோ முடியுள்ள குழந்தைகளே பிறந்தன! ஆனாலும் எரிச்சலுக்குக் காரணம் முடி அல்ல, ஹார்மோன்.

கர்ப்ப காலத்தில் 'புரொஜெஸ்டிரோன்' ஏராளமாகச் சுரக்கிறது. கருப்பை சுருங்கிக் குழந்தையை முன்கூட்டியே வெளியே தள்ளிவிடாமல், தசைகளைத் தளர்த்தி வைப்பது அதன் வேலை. ஆனால் அது கருப்பையோடு நின்றுவிடுவதில்லை. உணவுக்குழாயும் இரைப்பையும் சேருமிடத்தில் உள்ள 'வால்வு'ம் தளர்ந்து போகிறது. கீழேயிருந்து கருப்பை வேறு முட்டுகிறது. அமிலம் மேலே ஏறாமல் என்ன செய்யும்?

ராத்திரி சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே இரண்டு மூன்று மணி நேரம் விடுங்கள். தலைப்பக்கத்தை உயர்த்தி, இடதுபக்கமாகப் படுங்கள். வயிறு முட்டச் சாப்பிடாமல், கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை சாப்பிடுங்கள். காரக் குழம்பு, பஜ்ஜி, காபி எது உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லையோ அதைத் தள்ளி வையுங்கள்.

குடலுக்கும் இதே கதைதான். உணவு ஆமை வேகத்தில் நகர்வதால் தண்ணீர் அதிகமாக உறிஞ்சப்பட்டு மலம் இறுகுகிறது. போதாததற்கு இரும்புச்சத்து மாத்திரை! நாலாம் மாதத்திலிருந்து 180 நாட்களுக்கு, தினம் 60 மில்லிகிராம் இரும்பு உள்ள மாத்திரையை அரசே தருகிறது. 'மலம் கறுப்பாப் போகுது' என்று பயந்து அதை மாமியாருக்குத் தெரியாமல் குப்பையில் போடுபவர்களும் உண்டு. உறிஞ்சப்படாத இரும்புதான் அந்தக் கறுப்பு, பயம் வேண்டாம். ரத்தசோகையோடு பிரசவத்துக்குப் போனால் கொஞ்சம் ரத்தம் போனாலே உயிருக்கு ஆபத்தாகிவிடும். மாத்திரையை நிறுத்தாமல் கீரை, கொய்யா, தண்ணீரைக் கூட்டுங்கள். அப்படியும் சரியாகவில்லையா? டாக்டரிடம் கேளுங்கள். கர்ப்பிணிக்குப் பொருத்தமான மலமிளக்கிகள் இருக்கின்றன. நீங்களாக விளக்கெண்ணெய் குடிக்க வேண்டாம். மாத்திரையை டீயோடும், கால்சியம் மாத்திரையோடும் சேர்த்துப் போடாதீர்கள். இரும்பு உடம்பில் ஒட்டாது.

இனி சொல்வதைக் கவனமாகப் படியுங்கள். ஐந்து மாதத்துக்குப் பிறகு மேல்வயிற்றில், முக்கியமாக வலதுபக்க விலாவுக்குக் கீழே வலி வந்தால், 'கேஸ் புடிச்சிருக்கு' என்று சோடாவும் ஓமத் தண்ணீரும் குடித்துக்கொண்டு உட்காராதீர்கள். தலைவலி, கண் மங்கல், திடீரென்று முகம் கை வீங்குவது இவையும் சேர்ந்துகொண்டால், ரத்த அழுத்தம் ஏறி ஈரல் பாதிக்கப்பட்டிருக்கலாம். ராத்திரியானாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்.

தடிப்பு எதுவுமில்லாமல் உள்ளங்கையும் உள்ளங்காலும் ராத்திரியில் அரிக்கிறதா? அதையும் சொல்லுங்கள். ஈரலிலிருந்து பித்தநீர் சரியாக வடியாவிட்டாலும் இப்படி அரிக்கும். அது கடுமையானால் வயிற்றிலிருக்கும் குழந்தைக்கு ஆபத்து. வேப்பிலை அரைத்துப் பூசிக்கொண்டு நாளைக் கடத்தாமல், ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள்.