இசைவும் கையொப்பமும்

இசை என்னுஞ் சொற்குப் பாட்டு என்பதும் பொருள். உடன்படுதல் என்பதும் பொருள். ஒரு குரல் மற்றொன்றனை அடக்கி ஒலிக்குமிடத்து நல்லிசை பிறவாது. அங்ஙனமே, மறுத்தற்கு உரிமையில்லாதார் தரும் உடன்பாடு இசைவாகாது. இவ்வுண்மையைப் பேரணை ஒன்றன் வரலாறு கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

அமெரிக்க நாட்டு வட டகோட்டாவில், மிசௌரி ஆற்றங்கரையில், மாண்டன், ஹிடாட்சா, அரிக்காரா என்னும் மூன்று பழங்குடியினர் வாழ்ந்து வந்தனர். ஆற்றோரத் தாழ்நிலத்தில் மக்காச்சோளமும் அவரையும் பூசணியும் விளைத்தல் அவர்தம் தொல்வழக்கு. மிசௌரியின் வெள்ளத்தைத் தடுத்தற்பொருட்டு 1944-இல் இயற்றப்பெற்ற சட்டத்தின் வழியே காரிசன் அணை வகுக்கப்பட்டது. அணை நிறையுமாயின் மூழ்குவது இவர்தம் தாழ்நிலமே.

அவர்கள் வாளா இருந்தாரல்லர். தம் எல்லைக்குள்ளேயே வேறோரிடத்தை விலையின்றித் தருவதாகக் கூறினர். அது ஏற்கப்படவில்லை. உடன்படிக்கை முடியுமுன்னரே, 1947-இல், அணைவேலை தொடங்கிவிட்டது. 1948-ஆம் ஆண்டு மே 20-ஆம் நாள் வாஷிங்டன் நகரில் நிலவிற்பனை உடன்படிக்கை கையொப்பமாயிற்று. அவ்வமயம் அவர்தம் அவைத்தலைவர் ஜார்ஜ் கில்லெட் முகத்தைக் கையால் மறைத்து அழுதார். அக்காட்சியின் நிழற்படம் இன்றும் உளது.

1953-இல் ஆறு அடைக்கப்பட்டது. 1,50,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் அம்மக்கள் கையினின்றும் போயிற்று. எல்போவுட்ஸ் என்னும் ஊர் மருத்துவமனையோடும் பள்ளியோடும் நீர்க்கீழ் மறைந்தது. 300-க்கு மேற்பட்ட குடும்பங்கள் வளங்குன்றிய மேட்டுநிலத்திற்குப் பெயர்ந்தன. இடையே ஏரி பரந்தமையால், அக்கரை உறவினரைக் காணவும் நெடுந்தொலை சுற்றிச் செல்லல் வேண்டியதாயிற்று. முதற்கண் ஈடாக வழங்கப்பட்டது ஏறத்தாழ 1 கோடியே 26 இலட்சம் டாலர். 1992-இல் மேலும் 14 கோடியே 92 இலட்சம் டாலருக்கு அந்நாட்டுச் சட்டமன்றம் வழிசெய்தது. முன்னர்க் கொடுத்தது போதாது என்பதைக் கொடுத்தவரே ஒப்பினர் என்பது இதனாற் பெறப்படும்.

நிற்க. பலர் நலத்திற்காகச் சிலர் இழத்தல் தகாதோ எனின், கீழ்ப்புறத்து ஊர்கள் வெள்ளத்தினின்று காக்கப்படல் வேண்டும் என்பது மெய்யே. ஆயின், இழப்பவர் இன்னார் என்பதை இழவாதாரே முடிவு செய்தல் நடுவுநிலை அன்று.

இசைவிற்கு இன்றியமையாதன மூன்று: அஞ்சாது மறுக்கும் உரிமை, வேலை தொடங்குமுன் கேட்டல், விளைவனைத்தையும் ஒளியாது உணர்த்தல். பழங்குடியினர் உரிமை பற்றி ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவை 2007-இல் ஏற்ற அறிக்கை இம்மூன்றனையும் வேண்டுகின்றது. காரிசனில் முதலிரண்டும் இல்லை என்பது வெளிப்படை.

நம் தோழருள் நாளைப் பொறியாளரும் ஆட்சியாளரும் ஆவார் பலர். மக்கள் ஒப்பினர் என ஓர் ஏடு நம்முன் வைக்கப்படுங்கால், அவர்கள் ஒவ்வாதிருந்தால் யாது நிகழ்ந்திருக்கும் என்று முதற்கண் வினவுவோமாக. கையொப்பம் அவ்வேட்டிற் காணப்படும்; இசைவு உண்டோ என்பது அவ்வினாவின் விடையாற் புலப்படும்.